துண்டுக்கு அடியில் ஒரு கிரைசிஸ்

மச்சான்,

இன்று காலை போடி கடைவீதியில் கொஞ்சம் ஏலக்காய் வாங்கினேன். கடைக்காரர் இங்கிலீஷ் பத்திரிகைத் தாளில் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து, நூலைப் பிரித்து, ஏலக்காயைக் கிண்ணத்தில் கொட்டிவிட்டு, வழக்கம்போலத் தாளை நீவி விட்டுப் படிக்க உட்கார்ந்தேன். கொட்டை எழுத்தில் ஒரே ஒரு சொல்தான் முழுதாக இருந்தது: கிரைசிஸ். எங்கே வந்த கிரைசிஸ், எதனால் வந்தது என்கிற மீதிப் பாதியில் கடைக்காரர் வேறு யாருக்கோ சீரகம் கட்டிக் கொடுத்திருப்பார். தாள் முழுக்க ஏலக்காய் வாசனை. அந்தச் சொல்லும் அந்த வாசனையும் சேர்ந்து வந்தால், அடுத்தபடியாக வாசலில் உங்கள் செருப்புச் சத்தம் கேட்க வேண்டும். தலையைத் தூக்கிப் பார்த்தேன். நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

ஆகவே எழுதுகிறேன். எண் போட்டுக்கொள்ளாமல் எழுதினால் எனக்கு வழி தவறிவிடும். "எங்க மாப்ள தும்முறதுக்கு முந்திகூட ஒண்ணு ரெண்டு போட்டுக்கிருவாரு" என்று ஏலக்காய் மண்டியில் எல்லார் முன்னாலும் சொல்வீர்கள். சொன்னால் சொல்லுங்கள். எழுத வேண்டியவை இவை:

1. கிரைசிஸ் என்ற சொல் உங்களிடம் வந்து சேர்ந்த விதம்.
2. அதை நீங்கள் பயன்படுத்திய இடங்கள். அவை ஏன் பிழையானவை.
3. உங்கள் தங்கையின் காய்ச்சல்.
4. அச்சொல்லின் பொருள் உங்களுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை என்பது. (குறையாகச் சொல்லவில்லை. கோபித்துக்கொள்ள வேண்டாம்.)
5. தண்டவாளம். (இது தனி எண்ணாக வரவேண்டுமா, நான்காவதற்குள் அடங்குமா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது.)

மார்க்கையன்கோட்டையில் பிறந்து, மதுரையில் படித்து, ரிஜிஸ்திரார் ஆபீஸ் குமாஸ்தாவாகப் போடிக்கு வந்த எனக்கு, ஏலக்காய்த் தரகர் வீட்டில் பெண் கொடுத்ததே ஊரில் பலருக்கு ஆச்சரியம். எனக்கும்தான். தேவாரத்தில் உங்கள் அப்பா தரகு பார்த்தார். நீங்கள் போடியில் பார்த்தீர்கள். உங்கள் வீட்டில் எல்லாருக்கும் குரல் பெரிது. எங்கள் வீட்டில் எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டு இருமுகிற மனிதர்கள்.

கல்யாணமான புதிதில் ஒரு நாள் மண்டியிலிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தீர்கள். மலையில் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் அன்று மண்டிக்கு வந்திருந்தாராம். விலை இறங்கிவிட்டது என்று கேட்டதும் மேஜையைக் குத்தி ஏதோ ஒரு சொல்லைச் சொன்னாராம்.

"ஒரு சொல்லு மாப்ளே. ஒரே சொல்லு. சொன்ன ஒடனே கணக்கப்பிள்ள எந்திரிச்சு நிக்கிறாரு. முதலாளி சோடா வாங்கியாரச் சொல்றாரு. மூட்டை தூக்குறவன் மூட்டைய எறக்கி வச்சுட்டு மேல துண்டை எடுத்துக் கக்கத்துல வச்சுக்கிறான். தமிழ்ல அப்படி ஒரு சொல்லு இருக்கா?"

"என்ன சொல்?"

அதை நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்தீர்கள். கடைசியில் நான்தான் கண்டுபிடித்தேன். கிரைசிஸ். உங்கள் உள்ளங்கையிலேயே எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள். எழுதிக் கொடுத்தேன். பொருள் என்ன என்று மட்டும் நீங்கள் கேட்கவில்லை. நானும் நீங்களாகக் கேட்கட்டும் என்று இருந்துவிட்டேன். முதல் குறிப்பு இவ்வளவுதான்.

இரண்டாவதுதான் நீளமானது. சுருக்கிச் சொல்கிறேன். கொட்டகுடிப் பாதையில் வண்டி அச்சாணி கழன்றால் கிரைசிஸ். புளிக்குழம்பில் உப்புக் குறைந்தால் கிரைசிஸ். வீரபாண்டித் திருவிழாவுக்குத் தையல்காரர் சட்டையை நேரத்துக்குத் தராவிட்டால் கிரைசிஸ். ஒருமுறை உங்கள் முகத்தில் பாதியை மழித்த நிலையில் ஒரு கல்யாணத்துக்குப் பெண் வீட்டார் கூப்பிட்டார்கள் என்று நாவிதர் எழுந்து போய்விட்டார். அப்படியே பாதி முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு மண்டி முழுக்கக் கிரைசிஸ் என்று சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள்.

இதெல்லாம் வெளியில் நடந்தது. என் வீட்டில் நடந்ததுதான் எனக்குத் தாங்காது. ஒரு சாயங்காலம், பத்திரங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து நகல் எடுத்துக்கொண்டிருந்தேன். மழை கொட்டுகிறது. வாசல் கதவு படீரென்று திறந்தது.

"மாப்ளே! கிரைசிஸ்!"

பேனா கீழே விழுந்து முனை கோணிவிட்டது. "யாருக்கு மச்சான்? மாமாவுக்கா? அத்தைக்கா?"

"குடை விரியல."

உங்கள் தங்கை சமையலறையில் சிரித்த சிரிப்பு எதிர்வீட்டுக்குக் கேட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றுதான், பயந்த சுபாவமுள்ள நான், வாழ்க்கையில் முதன்முறையாக உங்களைக் கண்டித்தேன். அகராதியை எடுத்து வந்தேன். நீங்கள் ஈரத் தலையோடு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தீர்கள்.

"இதோ பாருங்கள் மச்சான். இந்தச் சொல் தொல்லைக்கெல்லாம் சொல்லுகிற சொல் அல்ல. முதலாவதாக, இது வைத்தியச் சொல். வியாதி முற்றி, இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று திரும்புகிற நேரம். இரண்டாவதாக, எந்தக் காரியத்திலும் இரண்டில் ஒன்று முடிவாகிற நேரம். அது வருவதற்கு முன்னால் சொன்னால் பிழை. வந்து போனபின் சொன்னாலும் பிழை."

"அப்ப அந்த நேரத்துல மட்டுந்தான் சொல்லணும்கிறீக."

"ஆமாம்."

"முந்தியும் சொல்லப்படாது. பிந்தியும் சொல்லப்படாது."

"அப்படித்தான்."

நீங்கள் துண்டால் தலையைத் துவட்டினீர்கள். "அந்த நேரத்துல மனுசனுக்கு வாய் வருமா மாப்ளே?"

அகராதியைத் திரும்பவும் பார்த்தேன்.

அதற்குப் பிறகும் நீங்கள் நிறுத்தவில்லை. இன்னும் மோசமாயிற்று. கடமலைக்குண்டிலிருந்து உங்களுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த அக்கா, பாவம், இங்கிலீஷ் வாசனையே இல்லாதவர்கள், அவர்களும் பிடித்துக்கொண்டார்கள். நீங்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தால், "கிரைசிஸ் வந்துருக்கு, ரெண்டு தோசை கூட ஊத்து" என்று அடுப்படிக்குக் குரல் கொடுப்பார்கள். சாப்பிட்டதும் உங்கள் முகம் தெளிந்துவிடும். "போயிருச்சு" என்பார்கள். அந்த வீட்டில் கிரைசிஸ் என்றால் பசியோடு வந்து வயிறு நிறைந்ததும் போய்விடுகிற ஒன்று. பால்காரம்மாவரை அது பரவியது. "இன்னைக்கு மாட்டுக்குக் கிரைசிஸ் ஆத்தா, அரைப்படிதான்" என்று அவள் சொல்ல, அக்கா ஒன்றும் கேட்காமல் வாங்கி வைத்துக்கொண்டார்கள். நான் மட்டும் ஒவ்வொரு முறையும் மனதுக்குள் திருத்திக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது குறிப்பு.

ஒரு வருஷம் கார்த்திகை மழை விட்ட பிறகும் மலையிலிருந்து ஈரக்காற்று நிற்கவில்லை. உங்கள் தங்கைக்குக் குளிர் ஜுரம் என்று ஆரம்பித்து, நெஞ்சில் கபம் கட்டி, மூச்சு விடும்போது விலாவில் குத்தல். தர்மாஸ்பத்திரி டாக்டரை அழைத்து வந்தோம். தஞ்சாவூர்ப் பக்கத்து ஐயர், ஒல்லியாக இருப்பார், பேசுகிறபோதே கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். நிமோனியா என்றார். ஆளிவிதையை அரைத்துச் சூடாக நெஞ்சில் பற்றுப் போடச் சொன்னார். வேறு மருந்து என்ன என்று நான் கேட்டேன்.

"இதுக்குன்னு தனியா மருந்து கிடையாது சார். க்ரைசிஸ் வரணும். அன்னிக்கு ஜுரம் ஒரேயடியா இறங்கிடுத்துன்னா பயமில்லை."

"இறங்கவில்லை என்றால்?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

அந்தச் சொல் அதன் சரியான இடத்தில், அகராதியின் முதல் பொருளில், பிழையில்லாமல் பயன்படுத்தப்பட்டதை நான் என் காதால் கேட்டது அன்றுதான். நீங்கள் பக்கத்தில்தான் நின்றீர்கள். டாக்டரை வாசல்வரை கொண்டுவிட்டு வந்தீர்கள். சமையலைக் கவனிக்க வந்திருந்த அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "டாக்டரு என்ன சொன்னாக?" என்று கேட்டார்கள்.

"கிரைசிஸ் வருமாம்."

"இம்புட்டுத்தானா? அது நம்ம வீட்டுக்குச் செவ்வா வெள்ளி தப்பாம வருதே!"

அவ்வளவுதான். தேவாரத்திலிருந்து அழுவதற்குத் தயாராக வண்டி கட்டி வந்திருந்த சொந்தங்களெல்லாம் மூச்சை விட்டுவிட்டு வெற்றிலைத் தட்டை இழுத்துக்கொண்டார்கள். அக்கா கூடுதலாக உலை வைத்தார்கள். யாரோ சிரிக்கக்கூடச் சிரித்தார்கள். அந்த வீட்டில் அந்தச் சொல்லின் பொருள் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டேன். எல்லாரும் சாப்பிடும்போது நான் மட்டும் இலையில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். எல்லாம் உங்களால் வந்தது, ஒரு நல்ல சொல்லைப் போட்டு மிதித்து அதிலிருந்த பயத்தை எடுத்துவிட்டீர்கள் என்று உங்கள்மேல் கோபம்கூட வந்தது. சொல்லத் தைரியமில்லை.

உங்கள் தங்கைக்கு அப்போது நினைவு இருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "டாக்டர் என்ன சொன்னாக?" என்று அவளும் கேட்டாள். எனக்குப் பொய் சொல்ல வராது. "கிரைசிஸ் வர வேண்டுமாம்" என்றேன்.

கண்ணைத் திறக்காமலே உதட்டைச் சுழித்துச் சிரித்தாள். "ஏன், அண்ணனுக்குக் குடை விரியலையாக்கும்?"

அதுதான் அந்தக் காய்ச்சலில் அவள் தெளிவாகப் பேசிய கடைசிப் பேச்சு. மறுநாளிலிருந்து பிதற்றல். அதற்கடுத்து அதுவும் இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் இதைத் திரும்பப் படிக்கும்போது எனக்கு வரிசை தப்பாமல் இருக்க வேண்டும். மண்டியில் தரகர்கள் விலையை வாயால் பேசுவதில்லை. இருவர் கையைக் கோத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, விரலால் பேசுவார்கள். வாங்குவதற்கு விலை கேட்கிறவர் ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைப் பிடித்தால் இரண்டு. ஒன்று என்றால் எத்தனை ரூபாய் என்பது அந்த இருவருக்கும் மட்டும் தெரியும். விற்கிறவருக்கு விலை கட்டாவிட்டால் கேட்கிறவரின் உள்ளங்கையைச் சுரண்டுவார். சுரண்டாமல் இருக்கும்போதே கேட்டவர் கையை எடுத்துவிட்டால், அந்த விலைக்குச் சம்மதம் என்று ஆகிவிடும்.

உங்கள் அப்பா வீட்டில் சாப்பாடு முடிந்ததும் உங்கள் இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்துத் துண்டைப் போட்டுப் பழக்கினாராம். உங்களைவிடத் தங்கைதான் கெட்டி என்று அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். எனக்கு அந்தக் கணக்கு எதுவும் தெரியாது. கல்யாணத்தன்று மணையில் என் கையை அவள் கையில் கொடுத்தபோது, அவள் என் ஒரு விரலை அழுத்தினாள். நான் அதைப் பிரியம் என்று எடுத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன். ஒரு விரலுக்கே மாப்பிள்ளை படிந்துவிட்டார் என்று உங்கள் வீட்டில் அந்த வருஷம் முழுக்கச் சிரித்தார்கள்.

சரி. பிதற்றலும் நின்றுபோன அன்று மத்தியானம். டாக்டர் வந்தார். நாடியைப் பிடித்தார், கண் இமையைத் தூக்கிப் பார்த்தார். ஸ்டெதஸ்கோப்பை வைத்துவிட்டு எடுக்கவே இல்லை. "இன்னிக்குத்தான்" என்றார். கூடத்தில் வெற்றிலை இடிக்கிற சத்தம் நின்றுவிட்டது.

நீங்கள் உள்ளே வந்தீர்கள். அதுவரை நீங்கள் அந்த அறை நிலையைத் தாண்டி வரவில்லை. வாசலில் வருகிறவர்களுக்கெல்லாம் வேடிக்கை பேசிக்கொண்டிருந்தீர்கள். உள்ளே வந்து, கட்டிலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, தங்கையின் கையை எடுத்து, தோளில் இருந்த துண்டை அதன்மேல் போட்டு மூடினீர்கள்.

டாக்டருக்கு எரிச்சல். "என்னய்யா பண்றீங்க?"

"வெல பேசுறேன் சார். நீங்க ஒங்க கையப் பாருங்க."

"எதை விலை பேசுறீங்க?"

"செவலப் பசுவ."

அந்தப் பசு அவளுக்கு உங்கள் அப்பா சீராகக் கொடுத்தது. உங்களுக்கு அதன்மேல் ஒரு கண். எத்தனையோ முறை கேட்டுப் பார்த்தீர்கள். அவள் கொடுக்கவில்லை.

நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். பற்றுப் போட அரைத்து வைத்த ஆளிவிதைக் கிண்ணம் என் கையில். துண்டு அசையவில்லை. அவள் மூச்சு ஒரு இழுப்பு இழுக்கும், நிற்கும், பிறகு யோசித்ததுபோல் இன்னொன்று இழுக்கும்.

"மச்சான், என்ன சொல்கிறாள்?"

"ஒண்ணும் சொல்லல."

"எவ்வளவுக்குக் கேட்டீர்கள்?"

"ஒரு வெரலு."

"ஒரு விரலுக்கா? அந்தப் பசுவையா?"

"கோவம் வரட்டும்னுதான். சும்மா இருங்க மாப்ளே." பிறகு அவள் காதருகே குனிந்து, "ஏ தாயி, ஒரு வெரலுக்குக் கேக்குறேன். நம்ம அப்பன் குடுத்த மாடு. சுரண்டாம இருந்தா எனக்குன்னு ஆயிரும். பெறகு அழுகக் கூடாது" என்றீர்கள்.

துண்டு அசையவில்லை.

அப்போதுதான் எனக்கு அந்த விதி ஞாபகம் வந்தது. சுரண்டாமல் இருந்தால் சம்மதம். "மச்சான், அவள் சுரண்டவில்லையே, அப்படியென்றால்" என்று ஆரம்பித்தேன்.

"நான் கைய எடுத்தாத்தான மாப்ளே வெல முடியும்? நான் எடுக்கலயே." உங்கள் குரல் அப்படித் தாழ்ந்து நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. "இங்கனதான் உக்காந்துருக்கேன். எம்புட்டு நேரமானாலும் எடுக்க மாட்டேன்."

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. எதையும் எண்ணி வைத்துக்கொள்கிற நான் அதை எண்ணவில்லை. டாக்டர் ஒரு கையையும் நீங்கள் ஒரு கையையும் பிடித்துக்கொண்டு, நடுவில் அவள். டாக்டர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நீங்கள் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். மண்டியில் பெரிய விலை நடக்கும்போது பேசுகிற இருவர் முகத்திலும் ஒன்றும் தெரியக் கூடாது என்பார்கள். உங்கள் முகத்தில் எல்லாம் தெரிந்தது. கண்ணீர் மீசை வழியே இறங்கித் துண்டில் விழுந்தது. அதைத் துடைக்கவும் கையை எடுக்கவில்லை.

பிறகு நீங்கள் நிமிர்ந்தீர்கள்.

"என்ன?" என்றார் டாக்டர்.

"சுரண்டுறா."

"என்னது?"

"சுரண்டுறா சார்! கட்டாதுங்கிறா! மாப்ளே, கட்டாதுங்கிறா! இங்க பாருங்க, நகத்த வச்சு... ஆ! ஆத்தாடி, தோலப் பிச்சுட்டா!"

டாக்டர் அவள் நெற்றியில் கையை வைத்தார். வேர்வை. கழுத்தில், மார்பில், எங்கும் வேர்வை, மழையில் நனைந்தவள்போல. அவரே அவள் கழுத்தைத் துடைக்க ஆரம்பித்தார். "இறங்கிடுத்து" என்றார். பிறகு யாரைப் பார்த்துச் சொல்வது என்று தெரியாமல் உங்கள் துண்டைப் பார்த்து இன்னொரு தடவை, "இறங்கிடுத்து" என்றார்.

நான் கிண்ணத்தைப் பக்கத்து முக்காலியில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அதே முக்காலியில்தான், கிண்ணத்தின்மேல் உட்கார்ந்தேன். ஆளிவிதை இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

அக்கா நிலைப்படியில் வந்து நின்று, மெதுவாக, "வந்துட்டுப் போயிருச்சா?" என்று கேட்டார்கள்.

"போயிருச்சு" என்றீர்கள்.

"சாப்புடாமயா?" என்றார்கள் அக்கா. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினார்கள். அங்கே அவர்கள் அழுத அழுகையைக் கேட்ட பிறகு, பொருள் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்ற என் எண்ணத்தில் முதல் விரிசல் விழுந்தது. அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேட்டியைப் பற்றிய கவலை இருந்தது.

உங்கள் தங்கை எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்க ஆரம்பித்ததும் செய்த முதல் காரியம், உங்களோடு பேச்சை நிறுத்தியது. "சாகக் கெடக்குறவகிட்ட ஒரு வெரலுக்குக் கேட்டாகளே, அண்ணனா அவுக? மத்த தரகருகூட ரெண்டு வெரலாச்சும் குடுத்துருப்பாக." நீங்கள் வாசலில் நின்று, "நாலு வெரலு தாறேன், பேசு தாயி" என்று கெஞ்சினீர்கள். உள்ளேயிருந்து கையை மட்டும் நீட்டி, காற்றில் சுரண்டிக் காட்டினாள்.

இனி நான்காவதும் ஐந்தாவதும். சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

யுத்தம் நடந்தபோது, இரும்பு வேண்டுமென்று சர்க்கார் ஆட்கள் போடி ரயில் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். ஸ்டேஷனில் நின்று கடைவீதியே பார்த்துக்கொண்டிருந்தது. அன்று சாயங்காலம் வியாபாரிகள் எல்லாரும் மண்டியில் கூடினார்கள். இங்கிலீஷில் ஒரு மனு எழுத என்னைக் கூப்பிட்டார்கள். பாத்திரக்கடை நாடார், "சார், அந்தக் கிரைசிஸ்ங்கிற சொல்ல முதல் வரியிலயே போட்டுருங்க. அப்பத்தான் நின்னு படிப்பான்" என்றார். நாலு பேர் ஆமாம் என்றார்கள். அந்தச் சொல்லை அவர்களெல்லாம் உங்களிடமிருந்துதான் கற்றிருந்தார்கள்.

நீங்கள் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தீர்கள். "அந்தச் சொல்லு வேணாம் மாப்ளே."

எனக்கு ஆச்சரியம். இத்தனை வருஷத்தில் அந்தச் சொல்லை நான் தடுத்தும் நீங்கள் சொன்னதுதான் உண்டு. "இல்லை மச்சான், இந்த இடத்தில் பொருத்தம்தான். அகராதிப்படி இரண்டாவது பொருளில் வரும். தாராளமாகப் போடலாம்."

"இது நட்டம். மூட்டைய வண்டி கட்டி அனுப்பிக்கிரலாம். மாடு இருக்கு, ரோடு இருக்கு. இதுக்கு எதுக்கு அது?"

"ஏம்ப்பா, குடை விரியாததுக்கெல்லாம் சொன்ன ஆளு!" என்று நாடார் கேலி செய்தார்.

"அப்பச் சொன்னேன்" என்றீர்கள். அவ்வளவுதான். நான் 'மிகுந்த சிரமம்' என்று பொருள்படும் ஒரு வெளுத்த சொல்லைப் போட்டு மனுவை முடித்தேன். அதற்குப் பதில் வரவில்லை.

அன்று நான் முடிவு கட்டியது இது: எங்கே சொல்லக் கூடாதோ அங்கெல்லாம் சொன்னார், சொல்ல வேண்டிய இடத்தில் வேண்டாம் என்கிறார், ஆகவே சொல்லின் பொருள் இவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. இதை என் மனதில் எண் போட்டு வைத்துக்கொண்டேன். பல வருஷமாக அதை நான் எடுத்துப் பார்க்கவில்லை. போன வருஷம் மண்டியில் அதே மாதிரி ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்டவர், சுண்ணாம்பு வருவதற்குள் போய்விட்டீர்கள். இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று யாரும் உட்கார்ந்து பார்க்க நேரம் தரவில்லை. அப்போதும் நான் அதை எடுத்துப் பார்க்கவில்லை. இன்று இந்தக் கடிதத்துக்காக ஒவ்வொன்றையும் வரிசையாக எழுதிக்கொண்டு வந்தபோதுதான், அந்த மத்தியானத்துக்குப் பிறகு உங்கள் வாயிலிருந்து அந்தச் சொல் ஒரு தடவைகூட வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை என்பது தெரிகிறது. மறுபடி அச்சாணி கழன்றபோதும் இல்லை. உப்புக் குறைந்தபோதும் இல்லை. உங்கள் மகன் கல்யாணத்தில் பந்தல் சரிந்தபோதுகூட, "ஏலே, பந்தல் சரிஞ்சிருச்சு" என்றுதான் கத்தினீர்கள். பொருள் தெரியாத சொல்லை ஒருவர் இப்படிச் சொல்லாமல் எடுத்து வைக்க மாட்டார்.

அந்தச் சொல்லுக்கு நான் எடுத்துக் காட்டிய பொருள் இரண்டு. இரண்டும் காத்திருக்கிற பொருள். இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தள்ளி நின்று பார்க்கிறவனுக்கு அது போதும். ஆளிவிதைக் கிண்ணத்தோடு கால்மாட்டில் நின்ற எனக்கு அது சரியாகத்தான் இருந்தது. நீங்கள் அன்று கையை உள்ளே விட்டவர். எடுக்காமல் இருந்தவர். உங்களுக்கு அந்தச் சொல் வேறாகத்தான் இருந்திருக்கும்.

இப்போது உங்கள் தங்கைக்கு இருமல் வந்தால் நான் அகராதியை எடுப்பதில்லை. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, துண்டைப் போட்டுக் கையைப் பிடித்துக்கொள்கிறேன். விரல் கணக்கு இன்னும் எனக்கு ஒழுங்காக வரவில்லை. இரண்டு என்று நினைத்து மூன்றைப் பிடித்துவிடுகிறேன். "என்னத்த வெல கேக்குறீக? ஒங்களுக்கே தெரியுமா?" என்று அவள் திட்டுகிறாள். ஆனால் சுரண்டுகிறாள். அதுவரை நான் கையை எடுப்பதில்லை.

மேலே நான்காவதாக ஒன்றை மையால் எழுதிவிட்டேன், மச்சான். அழிக்கப் பார்த்தேன், காகிதம் கிழிகிறது. அடித்துவிட்டால் எண் தவறும். ஆகையால் அதை அப்படியே விட்டு, இங்கே எழுதுகிறேன்: நான்காவது குறிப்பு தவறு.